கருவியில் கோளாறு இல்லை

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் மருமகளும் நல்ல சுகம். உன் முதுகு வலி எப்படி இருக்கிறது? குனிந்தே வேலை பார்க்காதே என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. ஃபோனில் கேட்டால் ‘ம்’, ‘ம்ஹூம்’ தவிர உன்னிடமிருந்து ஒன்றும் வராது. பேனாவைப் பிடித்தால்தான் உனக்கு வாய் திறக்கும். அதனால்தான் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் மருமகள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் முக்குளிப்புப் பயிற்சியில் சேர்ந்துவிட்டாள். அப்பனைக் கொண்டுபோன கடல் போதாதா என்று கத்தினேன். மூன்று நாள் அவளோடு பேசவில்லை. அவளோ அப்பனுக்குப் பிறந்த பெண், பிடித்தால் பிடித்ததுதான். கடைசியில் நான்தான் இறங்கி வந்தேன். இப்போது நீச்சல் குளத்தில் பழக்குகிறார்கள். மே மாதம் கடலில் இறக்குவார்களாம். சிலிண்டரில் இருக்கும் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டர் சொந்தமாக இருந்தால் அதையே கொண்டுவரலாமாம். பழசாக இருந்தால் விவரம் தெரிந்தவரிடம் கொடுத்துப் பிரித்துப் பார்த்து, சர்வீஸ் செய்து, சீட்டு வாங்கி வர வேண்டும் என்கிறார்கள்.

விவரம் தெரிந்தவர் என்று எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? உன் அத்தானுடைய ரெகுலேட்டரை இன்று பார்சலில் போட்டுவிட்டேன். விசாரணை முடிந்து கொடுத்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. பிளாஸ்டிக் பையின் அரக்கு முத்திரைகூட உடையவில்லை. ஆறு வருடமாக பீரோவில் போர்வைகளுக்கு அடியில் கிடந்தது. நான் பிரித்துப் பார்க்கவில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு. கிடைத்ததும் எழுது.

உன் அக்கா


ஜனவரி 30

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நலமாக இருக்கிறேன். நீங்கள் இருவரும் நலமாக இருப்பது அறிந்து மகிழ்ச்சி. முதுகு பரவாயில்லை. பார்சல் பதினான்காம் தேதியே வந்துவிட்டது. பதில் போடத்தான் சுணங்கிவிட்டேன், மன்னித்துக்கொள்.

பட்டறையில் வேலை தலைக்கு மேல் இருக்கிறது. சிலிண்டருக்குக் காற்று அடைக்கும் இயந்திரம் மாதத்தில் இரண்டு தடவை படுத்துக்கொள்கிறது. முதலாளி அதைத் தட்டிக் கொடுத்து, கெஞ்சி, கடைசியில் உதைத்துக் கிளப்புகிறார். நான் குடியிருக்கும் வீட்டுக்காரம்மா ஒரு மைனா வளர்க்கிறார். அது அந்த இயந்திரத்தின் சத்தத்தை அப்படியே போடக் கற்றுக்கொண்டுவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகூட எனக்குப் பட்டறையில் இருப்பது போலவே இருக்கிறது.

மருமகள் விஷயம். அந்த ரெகுலேட்டர் பழைய மாடல் அக்கா. உள்ளே போடும் ரப்பர் சாமான்கள் இப்போது லேசில் கிடைப்பதில்லை. புதிதாக வருபவை எடை குறைவு, மூச்சு இழுக்கவும் சுலபம். நல்லதாக ஒன்று பார்த்து நானே வாங்கி அனுப்புகிறேன். மாமனின் பரிசாக இருக்கட்டும். பழசு இங்கேயே இருக்கட்டும், நான் வைத்துக்கொள்கிறேன்.

மருமகளுக்கு என் அன்பு.

உன் தம்பி


பிப்ரவரி 7

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலமே வேண்டுவது. உன் மைனா கதையைக் கடையில் சொன்னேன், எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் கண்ணாடிக் கடை மட்டும் என்ன? நேற்று ஒருவர் புதுக் கண்ணாடியைத் திருப்பிக் கொண்டுவந்தார். “இதுல வீட்டுக்காரி முகம் ரொம்பத் தெளிவாத் தெரியுதும்மா, பழைய பவரே போட்டுக் குடுங்க” என்றார். ஒரு நாளைக்கு நாற்பது லென்ஸ் தேய்த்துக் கொடுக்கிறேன். எனக்குத்தான் கண் மங்கிக்கொண்டு வருகிறது.

புதுசு வேண்டாம் என்று மருமகள் ஒற்றைக்காலில் நிற்கிறாள். “அப்பா மூச்சு விட்டது அதுலதானேம்மா. எனக்கு அதுதான் வேணும்” என்கிறாள். நான் என்ன பதில் சொல்வது? நீயே சொல்.

ரப்பர் கிடைக்காது என்று நீ சொல்வதை நான் நம்பவில்லை. உடைந்த பொம்மைக்குக்கூட எங்கிருந்தோ சாமான் தேடிக் கொண்டுவந்தவன் நீ. சர்வீஸ் என்றால் என்னென்ன செய்வீர்கள் என்று ஒன்று விடாமல் எழுது. நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டுமாம் அவளுக்கு. இன்னொன்று. பையைப் பிரித்தாயா இல்லையா என்றே நீ எழுதவில்லை. உன் அத்தானைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கண்ணை யாரிடமாவது காட்டு. கண்ணாடிக் கடையில் இருந்துகொண்டு கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே.

மருமகள் குறித்துக்கொள்ளட்டும். ரெகுலேட்டரில் இரண்டு பகுதி உண்டு. ஒன்று சிலிண்டரின் கழுத்தில் மாட்டுவது. சிலிண்டருக்குள் காற்று திமிறிக்கொண்டு இருக்கும், அதை இது பாதி வழியில் அடக்கும். அங்கிருந்து குழாய் வழியாக இரண்டாவது பகுதிக்கு வரும். அதுதான் வாய்க்குப் போவது. நாம் மூச்சு இழுத்தால் திறக்கும், நிறுத்தினால் மூடிக்கொள்ளும்.

முதலில் இரண்டையும் திருகு திருகாகக் கழற்றி, வெள்ளைத் துணி விரித்த தட்டில் வரிசையாக வைப்பேன். உப்பும் பச்சைக் களிம்பும் பிடித்த பாகங்களை வெந்நீர்க் கரைசலில் ஊறவைத்து, மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசிக் காயவைப்பேன். ரப்பர் வளையம் எத்தனை நன்றாக இருந்தாலும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது மாற்ற வேண்டும். வேலைக்குத் தேவையான புதுச் சாமான்களை முன்னதாகவே எண்ணித் தட்டில் எடுத்து வைத்துக்கொள்வது என் பழக்கம். முடியும்போது தட்டு காலியாக இருக்க வேண்டும். பிறகு பூட்டி, காற்றுக் கொடுத்து, அழுத்தத்தை முள்ளில் பார்த்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கி எங்கேயாவது குமிழி வருகிறதா என்று பார்ப்பேன். இவ்வளவுதான்.

பையை இன்னும் பிரிக்கவில்லை. மேசைக்கு மேலே ஆணியில் மாட்டியிருந்தேன். காற்று இயந்திரம் நிற்கும் நேரத்தில், ஃபேன் காற்றுக்கு அந்த பிளாஸ்டிக் உள்ளே ஒட்டுகிறது, மறுபடி உப்புகிறது. பார்த்துக்கொண்டே இருந்தால் என் மூச்சும் அதோடு சேர்ந்துகொள்கிறது. எடுத்துப் பின்னறையில் வைத்தேன். அங்கே என்ன செய்கிறதோ என்று தோன்றியது. திரும்பக் கொண்டுவந்து மாட்டிவிட்டேன்.

உன் தம்பி


மார்ச் 11

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இருவரும் சுகம். நீ சுகம்தானா? கடிதத்தைப் படித்தால் அப்படித் தெரியவில்லை. ஒழுங்காகத் தூங்குகிறாயா?

உன் மருமகள் உன் கடிதத்தை வரிக்கு வரி நோட்டில் எழுதிக்கொண்டாள். எழுதி முடித்துவிட்டு, “மாமா எல்லாத்தையும் சொல்லியிருக்காரு. வாயில கடிக்கிற ரப்பரைப் பத்தி மட்டும் ஒண்ணுமே சொல்லலையே. எங்க மாஸ்டர் முதல்ல அதைத்தான் இழுத்துப் பாக்கச் சொல்வாரு” என்றாள். மறந்திருப்பாய் என்று சொல்லி வைத்தேன். அதையும் எழுதிவிடு.

பையைப் பற்றி எழுதியிருந்தாயே. உன்னிடம் சொல்வதற்கென்ன. ஆறு வருடமாக, வேலை முடிந்து வந்து பூட்டைத் திறந்ததும் எனக்கு பீரோவுக்குள் ஒரு மூச்சுச் சத்தம் கேட்கும். இழுக்கும், விடும். துணிமணிகள் அழுந்துகிற சத்தம்தான் என்று தெரியும். இருந்தாலும் செருப்பைக் கழற்றாமல் அப்படியே நின்று கேட்பேன். இரண்டு மாதமாக வீடு சத்தமே இல்லாமல் கிடக்கிறது. சனியன் தொலைந்தது என்று இருப்பேன் என்று நினைத்துத்தான் அனுப்பினேன். இப்போது பீரோவைத் திறக்கவே மனம் வரவில்லை.

சீக்கிரம் வேலையை முடி. மே மாதம் தொலைவில் இல்லை.

உன் அக்கா


மார்ச் 29

அக்காவுக்கு,

நலம். சாமான் இன்னும் வரவில்லை. வந்ததும் எழுதுகிறேன்.

தம்பி


ஏப்ரல் 10

அன்புள்ள தம்பிக்கு,

உன் இரண்டு வரி வந்தது. உனக்கு உடம்புக்கு என்ன? யாராவது ஏதாவது சொன்னார்களா? நீ இப்படிச் சுருக்கி எழுதுகிறவன் இல்லையே.

ஒருவேளை அதைத் தொடவே உனக்குப் பயமாக இருக்கலாம். அத்தான் உனக்கு அண்ணன் மாதிரி. அப்படியானால் நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மகளிடம்கூடச் சொன்னதில்லை.

அவர் கடைசியாக வேலைக்குப் போன அன்று காலை அவரும் நானும் சண்டை போட்டோம். பெரிய விஷயம் ஒன்றுமில்லை. முந்தின நாள் உடுத்தின ஈர உடுப்பை உலர்ந்த படுக்கை விரிப்பின் மேல் போட்டிருந்தார். நூறு தடவை சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு எனக்கு என்ன வந்ததோ, “போன இடத்துலயே இருந்துக்கோங்க. திரும்பி வந்து என் உயிரை எடுக்காதீங்க” என்றேன். வழக்கமாக ஏதாவது கிண்டல் செய்து என் வாயை அடைப்பார். அன்று ஒன்றும் பேசவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

விசாரணை அறிக்கையில் என்ன எழுதியிருந்தார்கள் என்பது உனக்குத் தெரியும். எனக்கு மனப்பாடம். ‘சிலிண்டரில் பாதிக்கு மேல் காற்று இருந்தது. கருவியில் கோளாறு இல்லை. இறந்தவர் தாமாகவே அதை வாயிலிருந்து பிடுங்கியிருக்கக்கூடும்.’ தாமாகவே என்கிற வார்த்தையோடு ஆறு வருடம் குடித்தனம் நடத்திவிட்டேன் தம்பி. நான் போகச் சொன்னேன், அவர் போய்விட்டார். அவ்வளவுதான்.

இப்போது உன்னிடம் கேட்கிறேன். மகளுக்காக மட்டும் நான் அதை அனுப்பவில்லை. பிரித்துப் பார். நன்றாகப் பார். சோதித்தவர்கள் அன்று அவசரத்தில் பார்த்திருப்பார்கள், எதையாவது விட்டிருப்பார்கள். ஏதாவது ஒரு கோளாறு, கடுகளவாவது ஒரு கோளாறு இருந்தால் எனக்குச் சொல். இல்லையென்றால் இல்லை என்றே சொல், பொய் வேண்டாம்.

உன் அக்கா


ஏப்ரல் 14

அக்காவுக்கு,

உன் கடிதம் பகல் பதினொரு மணிக்குப் பட்டறையில் கிடைத்தது. படித்துவிட்டு எழுந்துபோய் முத்திரையை உடைத்தேன். உடைக்காமலே எனக்குத் தெரியும். அந்த அரக்கை வைத்தவன் நான்தான்.

அத்தான் வேலைக்கு இறங்குவதற்கு முந்தின நாள் அந்த ரெகுலேட்டரை சர்வீஸ் செய்தது நான். வாயில் கடிக்கும் ரப்பரைக் கடைசியாக மாட்டி, அது கழன்று வராமல் பிளாஸ்டிக் டேக் ஒன்றால் இறுக்க வேண்டும். ஒயர்களைச் சேர்த்துக் கட்டுவார்களே, அந்த டேக்தான். ரப்பரைக் கழுவி ஈரமாகவே மாட்டி வைத்து, காய்ந்த பிறகு டேக் போடுவது என் வழக்கம். ஈரத்தோடு இறுக்கினால் பிறகு தளர்ந்துவிடும் என்று எனக்கு ஒரு எண்ணம். வேறு யாரும் அப்படிச் செய்வதில்லை. அத்தான் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். “முடிஞ்சுதாடா?” என்றார். ஏதோ பேசிக்கொண்டே எடுத்துக் கொடுத்தேன். “முடிஞ்சுது அத்தான்” என்றேன். அவர் ஒருமுறை இழுத்துப் பார்த்திருந்தால் ரப்பர் கையோடு வந்திருக்கும். பார்க்கவில்லை. “நீ பாத்தா நான் பாக்க வேண்டியதில்ல” என்று எப்போதும் சொல்வார்.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கதவைத் திறந்தேன். தட்டில் ஒரு டேக் மிஞ்சிக் கிடந்தது. அவர் பத்து மணிக்குத்தான் கப்பலுக்கு அடியில் இறங்குவார். எனக்கு இரண்டு மணி நேரம் இருந்தது அக்கா. ஃபோன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஒன்று கூடுதலாக எண்ணி எடுத்திருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்கு முந்தின வாரம் ஒரு திருகை விட்டுவிட்டேன் என்று அத்தான் என்னை எல்லோர் முன்பும் கிண்டல் செய்திருந்தார். மறுபடி அந்தச் சிரிப்பைக் கேட்க எனக்கு மனமில்லை. டேக்கை எடுத்து டப்பாவில் போட்டுவிட்டு அடுத்த வேலையை எடுத்தேன்.

பிறகு துறைமுக அலுவலகம் கருவியைச் சோதிக்க எங்கள் பட்டறைக்கே அனுப்பியது. வேறு பட்டறை கிடையாது. முதலாளி என்னிடம் கொடுத்தார். ரப்பர் தனியாக ஒரு சிறிய உறையில் இருந்தது. அவரே பிடுங்கியதில் கழன்றிருக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள், நான் திருத்தவில்லை. காற்று கொடுத்துப் பார்த்தேன், நன்றாக வேலை செய்தது. ‘கருவியில் கோளாறு இல்லை’ என்று எழுதினேன். முதலாளி கையெழுத்துப் போட்டார். என் வரியை வைத்துத்தான் அவர்கள் அடுத்த வரியை எழுதினார்கள்.

அந்த வரியை நீ படித்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். நம்பியிருக்க மாட்டாய் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது. காலையில் நடந்த சண்டை எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேனா என்றால், அதையும் சத்தியம் செய்ய முடியவில்லை.

அவர் தாமாகப் பிடுங்கவில்லை. டேக் இல்லாததால் தண்ணீருக்குள் கருவி ரப்பரை விட்டுத் தானாகவே கழன்றிருக்கிறது. நீ சொன்னதற்கும் அவர் போனதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அதைக் கொண்டு மருமகளைக் கடலில் இறக்காதே. நான் சர்வீஸ் செய்த எதையும் அவளிடம் கொடுக்காதே.

மன்னிப்பு என்று எழுத எனக்கு வாயில்லை.

தம்பி


ஜூன் 21

தம்பிக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். அன்று நான்கு லென்ஸை உடைத்தேன். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பஸ்ஸில் ஏறாமல் வீடு வரைக்கும் நடந்தே போனேன். மறுநாள் மகளிடம் கொடுத்தேன், ஒன்றுவிடாமல் படித்தாள். மே மாதம் பயிற்சிக்காரர்களுடைய கருவியைப் போட்டுக்கொண்டு கடலில் இறங்கினாள். டேக்கை மூன்று தடவை இழுத்துப் பார்த்தாளாம்.

இந்த இரண்டு மாதத்தில் உனக்கு ஏழு கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டேன். நீதான் கொன்றாய் என்று எழுதிப் பார்த்தேன். எழுத வந்துவிட்டது, ஆனால் ஆத்திரம் தீரவில்லை. நாம் எல்லோரும்தான் மறக்கிறோம். நானும் வலது கண் லென்ஸை இடது பக்கம் மாட்டிக் கொடுத்திருக்கிறேன். டேக்கை மறந்ததை என்றைக்காவது என்னால் பொறுத்துக்கொள்ள முடியலாம். அந்த இரண்டு மணி நேரத்தை முடியாது. காரியம் நடந்த அன்று என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாயே, அதையும் முடியாது.

நீ செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. துறைமுக அலுவலகத்துக்குப் போ. இவ்வளவையும் அவர்களிடம் எழுதிக் கொடு. ‘தாமாகவே’ என்பதை அவர்கள் கையாலேயே அடிக்க வேண்டும்.

ஒரு கேள்வி. ரப்பர் தனி உறையில் இருந்தது என்று எழுதியிருக்கிறாய். உறையில் போடுவதற்கு முன் அது எங்கே இருந்தது?

அக்கா


ஜூன் 26

அக்காவுக்கு,

துறைமுக அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். மறுபடி விசாரிப்பார்கள். முதலாளி பட்டறைச் சாவியை வாங்கிக்கொண்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

நீ கேட்டது. உறையின் மேல் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. அதை நான் அன்றே படித்தேன். உன்னிடம் சொல்ல என்னால் முடியவில்லை. அது அவர் வாயில் இருந்தது. பற்கள் இறுகிப்போய் இருந்ததால் டாக்டர் கருவி வைத்துப் பிளந்துதான் எடுத்தார் என்று எழுதியிருந்தது. கடிக்கிற இடத்தில் இரண்டு பக்கமும் பல் ரப்பரைத் துளைத்துக்கொண்டு போயிருக்கிறது. காற்று வரவில்லை என்று தெரிந்தும் அவர் விடவில்லை.

ரெகுலேட்டரை அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ரப்பரைப் படம் எடுத்துக்கொண்டு, வீட்டாருக்கு வேண்டுமானால் கொடுக்கலாம் என்றார்கள். அனுப்பியிருக்கிறேன். பார்க்க வேண்டாம் என்று தோன்றினால் பிரிக்காதே.

தம்பி


ஜூலை 8

தம்பிக்கு,

வந்தது. பிரித்தேன்.

மேல் வரிசையில் அவருக்கு இடது பக்கப் பல் ஒன்று பாதி உடைந்திருக்கும். அந்த இடத்தில் மட்டும் ரப்பர் துளைபடாமல் இருக்கிறது. மற்ற எல்லா இடத்திலும் என் விரல் நுனி உள்ளே போகிறது. இதைப் பார்க்க முடியாது என்று நீ நினைத்திருக்கிறாய். நான் அரை நாள் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு பலமாகக் கடித்துக்கொண்டிருந்த மனிதன் வீட்டுக்கு வரத்தான் பார்த்திருக்கிறார்.

மகள் வந்ததும் அவளிடம் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு என் தோளில் சாய்ந்துகொண்டாள். அன்று காலை நடந்த சண்டையையும் முதல் தடவையாக அவளிடம் சொன்னேன். “ஈரத் துணிய அப்பா தினம் அப்படித்தானேம்மா போடுவாரு” என்றாள்.

இன்று காலை அவர் படத்தின் முன் நின்று அவரைத் திட்டினேன். ஈர உடுப்பைப் படுக்கையில் போட்டதற்கு, ஒரு தடவை இழுத்துப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போனதற்கு, ஒன்றும் பேசாமல் செருப்பை மாட்டியதற்கு. ஆறு வருடமாக அவரை ஒரு வார்த்தை சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. இன்று தொண்டை கட்டும்வரை திட்டினேன்.

உன்னைத் திட்ட எனக்கு இன்னும் வரவில்லை. வரும்போது நானே எழுதுகிறேன். அதுவரை நீ எழுத வேண்டாம். அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தாயே, அதற்கு ஒரு நகல் எடுத்து அனுப்பு. அதோடு கடிதம் வைக்காதே.

அக்கா